காசிம் பாயும் என் டிரில்லிங் மெஷினும்

விருதுநகர் காசிம் பாய் காலமான செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பட்டறைக்காரர் சங்கச் செயலாளர் செல்போனில் சொன்னார். சொன்ன கையோடு, சங்க மலருக்கு நான்தான் நினைவஞ்சலி எழுத வேண்டும் என்றார்.

“எனக்கும் அவருக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சுமா கேக்கீக?”

“தெரிஞ்சுதான் கேக்கேன்க்கா. மத்தவுக எழுதுனா வேற யாரோ செத்த மாதிரி இருக்கும்.”

எனவே எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்காக: காசிம் பாய் பழைய இயந்திரங்களின் உதிரி பாகங்களை விற்று வந்தார். மூடிய மில்கள், நொடித்த அச்சகங்கள் எல்லாவற்றிலிருந்தும் வாங்கிக் குவித்த இரும்பு அவர் கிட்டங்கி நிறைய இருந்தது. ஒரு பேரிங்கை விரலால் தடவியே அளவைச் சொல்லிவிடுவார். வந்தவர்களை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

என் கணவர் இறந்த மறு வருடம், திருத்தங்கல் பட்டறையை நானே நடத்தத் தொடங்கியிருந்தேன். மூடிப்போன பஞ்சாலை ஒன்றிலிருந்து பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது, ஆள் உயரத்துக்கு மேல் வார்ப்பிரும்புத் தூண். நானும் என் ஆள் சுப்பையாவும் மூன்று வாரம் மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தோம். ஆனால் துளையிடும் தண்டை ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தில் நான்கு பற்கள் உடைந்திருந்தன. செய்த கம்பெனியே அப்போது இல்லை. காசிம் பாயிடம் போனேன்.

உடைந்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார். “இந்த மெஷினு இந்த ஜில்லாவுலயே ஒன்கிட்டத்தான் இருக்கு தங்கச்சி. சாமான் கெடைக்காது. எடைக்குப் போடு, நானே எடுத்துக்கிடுதேன்.”

நம்பினேன். ஆனாலும் விற்க மனம் வரவில்லை. அந்தச் சக்கரத்தைத் தேடி இரண்டு மாதம் மதுரை, கோயம்புத்தூர் என்று அலைந்தேன். சிவகாசி அச்சகம் ஒன்று, காலண்டர் சீசனுக்கு முன்பு தன் இயந்திரங்களுக்கான தகடுகளைத் துளைத்துத் தரும் ஆர்டரை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. மெஷின் ஓடினால்தான் அந்த வேலை.

மறுபடி விருதுநகர் போனபோது அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஏதாவது பொருந்துமா என்று தேடிக்கொண்டே கிட்டங்கியின் உள்ளே போனேன். ஒரு தார்ப்பாயைத் தூக்கினேன். என் மெஷினைப் போலவே இன்னொன்று நின்றது. அதே தூண், அதில் அதே கம்பெனிப் பெயர். தூணுக்குக் கீழே மேசை மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. பல்சக்கரம் முழுசாக இருந்தது.

திரும்பி வந்தவர் பதறவில்லை.

“இது என்ன பாய்?”

“மெஷினு.”

“இல்லைன்னு சொன்னீகளே!”

“சொன்னேன். ஒன்னுது வந்தா ரெண்டையும் சேத்து ஒண்ணு முழுசாயிரும். நீ அதை வச்சு என்ன செய்யப் போற? இன்னும் ரெண்டு மாசத்துல சலிச்சுப்போயி விக்கத்தான போற.”

நான் அன்று பேசியவற்றை மலரில் அச்சிட முடியாது. அவர் காதில் வாங்காமல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

கோயம்புத்தூரில் ஒருவர் புதுப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்தார். மெஷின் ஓடியது. அச்சக முதலாளி பார்க்க வந்த அன்று, அழைக்காமலே காசிம் பாயும் வந்து நின்றார். தண்டைச் சுழல விட்டு, டிரில் முனையருகே காதை வைத்துக் கேட்டார்.

“ஆடுது” என்றார் முதலாளியைப் பார்த்து. “அடியில ரெண்டு பேரிங் ஜோடியா வரணும். இந்தம்மா ஒண்ணுதான் போட்டிருக்கு. தொளை கோணும்.”

ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று.

அன்று மாலை பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மில்லிலிருந்து வரும்போதே ஒரு பேரிங் இல்லாமல்தான் வந்திருக்கிறது. இரண்டாவதைப் போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. என்னிடம் தனியாகச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். நாலு பேர் முன்னால் சொல்லத்தான் திருத்தங்கல்வரை பஸ் ஏறி வந்திருந்தார். அதன்பின் ஐந்து வருடம் நான் அவர் கடைப் பக்கம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். ஏன் போனேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரு நிறையப் பட்டறைக்காரர்கள். அவரோடு சண்டை போடாத ஒருவரையும் அங்கே நான் பார்க்கவில்லை. உடலைத் தூக்கும் முன் அவர் மகன் வாசலில் நின்று கேட்டார்: “எங்கத்தா ஒங்க யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சிட்டோம்” என்றது தெரு. பக்கத்தில் நின்ற சுப்பையாவும் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அவர் உடலைச் சுமந்த சந்தூக்கு என்னைத் தாண்டிப் போனது. ஆண்கள் பின்னால் போனார்கள். தெரு காலியாகும்வரை நின்றேன்.

போய் வாருங்கள் பாய். ‘மன்னிச்சிட்டேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் ஒரு பொய் கூடியிருக்கும்.