மீன் ஜாடிக்குப் பின்னால்

லெம்விக் என்ற கடலோர ஊரின் நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருஷம் நுழைவுச்சீட்டு கொடுத்தவள் டோர்த்தெ. ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. எப்படி இறங்குவாள்? இங்கே குளத்தில் கால் வைக்கும் முன் நாலு பேர் நடுவில் அம்மணமாக நின்று சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். நூற்றுப் பதினெட்டு கிலோவை அப்படிக் கடை பரப்ப அவளுக்கென்ன பைத்தியமா? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு 'மிதவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி ஹெல்லெ. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஏறக்குறைய ஒரே எடை. பாலர் பள்ளிச் சமையலறையில் நின்று நின்று ஹெல்லெயின் வலது முட்டி தேய்ந்துபோயிற்று. பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் முட்டியை மாற்றுவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் டோர்த்தெக்கு அவளுடைய டாக்டர் உடம்பு இளைக்க ஊசி எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும். அதை ஃபிரிட்ஜில் ஊறவைத்த மீன் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வீட்டுக்காரன் பியார்னெக்கு மட்டும் தெரியும். முதல் இரண்டு மாதம் தட்டைப் பார்த்தாலே குமட்டியது. அப்புறம் பழகிவிட்டது. பதினான்கு மாதத்தில் முப்பத்தாறு கிலோ போயே போய்விட்டது.

"அடேயப்பா, எப்படிங்க இப்படி இளைச்சீங்க?" என்று சீட்டு வாங்க வந்த ஒருத்தி முதன்முதலில் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதில் என்ன கேவலம்? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதானே? ஆனால் டோர்த்தெ சொன்னது வேறு.

"நடக்கறேங்க. கருப்பு ரொட்டி சாப்பிடறேன். மனசு இருந்தா போதும்."

அந்தப் பெண் அவளை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், பிறந்து ஐம்பது வருஷத்தில் டோர்த்தெயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சாப்பாடு இறங்காத தொண்டையில் பொய் மட்டும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான்.

மற்றவர்கள் 'அப்படியா' என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஹெல்லெ நம்பினாள். நம்பி, புதன்கிழமைதோறும் டோர்த்தெயோடு கடற்கரையோரம் எட்டு கிலோமீட்டர் நடந்தாள். அந்த முட்டியோடு!

"கொஞ்சம் நில்லுடி. முட்டியில உசிரு போகுது."

"இப்படி நின்னு நின்னுதான் உன் ஒடம்பு இப்படிக் கெடக்கு. வா, அந்தப் படகுத்துறை வரைக்கும்."

"ஏதோ ஊசி வந்திருக்காமே, வாரத்துக்கு ஒண்ணு. என் டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?"

அங்கேயாவது சொல்லியிருக்கலாம். கடலும் இரண்டு நாரைகளும் தவிர யாரும் இல்லை. பாவி, சொல்லவில்லை.

"ச்சீ, அதெல்லாம் மனசு இல்லாதவங்களுக்குடி. நான் என்ன ஊசியா போட்டேன்? மனசு இருந்தா போதும்."

ஹெல்லெ கூசிப்போனாள். அதற்குப் பிறகு டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. ஒரு வருஷ நடைக்கு அவளுக்குக் குறைந்தது இரண்டே கிலோ. கைக்குத் தடி வந்து சேர்ந்தது. "யாருக்கும் தெரியாம திங்கறாளோ என்னமோ" என்று டோர்த்தெ குளத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். கூடப் பிறக்காத பிறப்பைப் பற்றி இப்படிச் சொல்ல நாக்கு எப்படி வந்ததோ!

மே மாதம் டோர்த்தெ-பியார்னெ கல்யாண வெள்ளிவிழா வந்தது. விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் வாசலில் தழை வளைவு கட்டி, வெள்ளிக் காகிதத்தில் 25 ஒட்டி, பாடி எழுப்பினார்கள். சாயங்காலம் ஊர் மண்டபத்தில் அறுபது பேருக்கு விருந்து. டோர்த்தெ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையில் தொங்கிய கவுனை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த ஊரில் விருந்தென்றால் பாட்டு உண்டு. சொந்தத்தில் ஒருவர், விழாவுக்குரியவரின் குட்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து, எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் எழுதி, அச்சடித்து, ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் சுருட்டி வைப்பார். ஆரம்பித்துவிட்டால் கடைசி அடி வரை யாரும் நிறுத்தக் கூடாது. விழாவுக்குரியவர் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தடவை எழுதியது பியார்னெயின் தங்கை லோனெ.

முதல் நான்கு சரணமும் பியார்னெயின் ஓட்டைக் காரும் தேனிலவு மழையும். டோர்த்தெயும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண் தானாக ஐந்தாவதற்குத் தாவியது. மற்றவர்கள் பாடுவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

"நடந்தேன் நடந்தேன் என்றாளே, நாங்கள் வாயைப் பிளந்தோமே!
நம்பித் தொலைத்த பாவிகள் நாங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தோமே!
ஊற வைத்த மீனுக்குப் பின்னே ஒளிந்திருப்பது யாரம்மா?
வாரம் ஒரு நாள் குத்த வருகிற ஊசியாரம்மா!"

மண்டபம் அதிர்ந்தது. சிலர் மேசையைத் தட்டினார்கள். எதிரே ஹெல்லெ கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். தாளை எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் ஒரு அடி பின்தங்கி, பெருங்குரலில் பாடிக்கொண்டிருந்தாள். 'ஊசியாரம்மா'வை அவள் தனியாகத்தான் பாடினாள். பாடிய வாய் அப்படியே திறந்து நின்றது. தாளை இன்னும் எட்டப் பிடித்து மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆறாவது சரணத்தையும் ஏழாவதையும் மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். நிறுத்தக் கூடாதல்லவா.

பாட்டு முடிந்ததும் வழக்கப்படி ஒன்பது தடவை ஹுர்ரே போட்டார்கள். லோனெ ஓடி வந்தாள்.

"அண்ணி, பாட்டு எப்படி? தூள் இல்ல?"

"தூள்," என்று டோர்த்தெ சிரித்தாள்.

பியார்னெ காதருகே குனிந்தான். "ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? பாட்டுக்குச் சரக்கு வேணும்னு லோனெ கேட்டா, சொன்னேன். ஹெல்லெகிட்ட நீ எப்பவோ சொல்லியிருப்பேன்னுல்ல நெனச்சேன்!"

டோர்த்தெ மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஹெல்லெ நிமிர்ந்து பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்த முகத்தில்.

"எந்தக் கிழமை போட்டுக்குவ?"

"ஹெல்லெ, நான் சொல்லலாம்னுதான்..."

"எந்தக் கிழமைடி?"

"புதன். காலைல."

"நடக்கறதுக்கு முன்னாடியா?"

டோர்த்தெ தலையை மட்டும் ஆட்டினாள். ஹெல்லெ தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழப் பார்த்தாள், முட்டி தூக்கவில்லை. டோர்த்தெ பழக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"தொடாத. மனசு இருந்தா போதும்ல? எந்திரிச்சுக்கறேன்."

அதற்குள் வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. தம்பதியின் நடனம். பியார்னெ வந்து அவளை இழுத்துக்கொண்டு நடுவில் போனான். அறுபது பேரும் வட்டமாக நின்று, கை தட்டிக்கொண்டே வழக்கப்படி ஒவ்வோர் அடியாக நெருங்கினார்கள். "எப்படி இருந்தவ எப்படி ஆயிட்டா பாரு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு சுற்றில் ஹெல்லெ இரண்டாம் தடவை எழ முயல்வது தெரிந்தது. அடுத்த சுற்றில் மூன்றாம் தடவை. அதற்கடுத்த சுற்றில் வட்டம் நெருங்கிவிட்டது. கைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து ஆட்கள் விலகியபோது ஹெல்லெ அங்கே இல்லை. தடி மட்டும் நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. டோர்த்தெ அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். வாசலைத் தாண்ட அவளுக்கு மனசு வரவில்லை.