முனியாண்டி கோயில் வளைவில் ஒரு வழக்கு

ஹட்டன் போகும் பஸ் முனியாண்டி கோயில் வளைவில் நிற்கிறது. டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்திவிட்டு, கை நிறையத் திருநீறோடு வருகிறார். ஜனாதிபதி பதவியில் இருந்தபோது செய்ததற்கு அவர்மேல் வழக்குப் போடலாமா என்று ரேடியோவில் யாரோ கத்துகிறார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று டிரைவரிடம் கேட்கிறேன்.

“போடக்கூடாதுங்க. கேஸுக்குப் பயந்தா இந்த ரோட்டுல வண்டி ஓட்ட முடியுமா? பனிமூட்டத்துல ஒருத்தங்கள மோதிட்டேன். டியூட்டியிலதானே இருந்தேன்? இன்னும் கோர்ட்டுக்கு அலையுறேன்.”

நியாயம்தான். தலையாட்டுகிறேன்.

முன்சீட்டில் ஊன்றுகோலோடு இருக்கும் பெண் திரும்புகிறார். “அது நாந்தாங்க. கேஸ் வேணாம்னா, என் காலுக்கு நான் யாருகிட்டப் போய் கேக்குறது?”

அதற்கும் தலையாட்டுகிறேன். இரண்டும் எப்படிச் சரியாகும்?

டிரைவர் திருநீற்றை முதலில் அந்தப் பெண்ணிடம்தான் நீட்டுகிறார். அந்தப் பெண் நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு, மிச்சத்தைத் தன் முழங்காலில் தேய்க்கிறார்.