பிரிக்காத பொட்டலம்

கட்டியவளுக்கு உள்ளே இருப்பது முன்பே தெரியும் என்றால், கண்ணை மூடி எடுப்பவன் எதைத்தான் தேர்ந்தெடுக்கிறான்? ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில் பூ விற்ற நாகவல்லியைப் பார்த்த எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒருவனுக்குத்தான். அதுவும் அவன் மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பிறகு.

ஒரு காரியத்தைச் செய்யலாமா என்று தெரியாதவர்கள் நாகவல்லியிடம் வருவார்கள். ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி வைத்து மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுப்பாள். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைப்பார். கேட்பவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஏரியில் போட்டுவிட வேண்டும். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் மாற்றல் கேட்டதும், கேட்காமல் விட்டதும், பெண் கொடுத்ததும் இப்படித்தான்.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த குணசேகரன் மதுரைப் பக்கத்துக்காரன். 1985இல் நெமிலிச்சேரியில் மனை வாங்கலாமா என்று கேட்டான். வெள்ளை வந்தது, வாங்கினான். ஐப்பசி மழையில் மனையைக் காணவில்லை.

“என்னக்கா, வெள்ளைதானே வந்துச்சு?”

“அம்மன் வெள்ளம்னு சொல்லிச்சு நைனா. நீ வெள்ளைன்னு எடுத்துக்கினா அது இன்னா பண்ணும்?”

மறுவாரம் மனையை விற்றுவிடலாமா என்று கேட்டான். சிவப்பு வந்தது. இம்முறை வழக்கத்தை மீறி, ஏரிக்கரையில் நின்று மற்றதையும் பிரித்தான். அதுவும் சிவப்பு. நேராகக் கடைக்கு வந்தான்.

“ரெண்டும் சிவப்பால்ல இருக்கு?”

நாகவல்லி தொடுப்பதை நிறுத்தவில்லை. “அம்மனுக்கு அவ்ளோ நிச்சயம்.”

“அக்கா, விளையாடாதீக.”

“விக்க மனசு இல்லன்னு உன் மூஞ்சிலயே எழுதிக் கீது. போன வாட்டி, அளந்து கல்லு நட்டுட்டு வந்து வாங்கலாமான்னு கேட்டே. எல்லாரும் முடிவு பண்ணிக்கினுதான் வராங்கோ. நான் கட்றது பூ மட்டும்தான்.”

குணசேகரன் இதை வெளியே சொல்லவில்லை. தான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது தனக்கே தெரியாமல் பூக்காரிக்குத் தெரிந்திருந்தது என்பதை எந்த ஆண்தான் சொல்லுவான்?

நாகவல்லியின் கணவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவள் தொடுத்த பூவில் ஒன்றும் அவள் தலைக்கு ஏறியதில்லை. அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த மனோகரன் வெள்ளிக்கிழமைதோறும் அவளிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்குவான். மனைவியை இழந்தவன்.

“படத்துக்கு ரெண்டு முழமா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“படம் பெருசு,” என்றான்.

மூன்று வருடம் கழித்து, 1988இல், தன்னைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதமா என்று கேட்டான். அவள் பூவையே தொடுத்துக்கொண்டிருக்க, “வேணும்னா பூ கட்டிப் பாரேன்,” என்றான்.

அங்கேதான் சிக்கல். ஆவடியில் எல்லோரும் அம்மனைக் கேட்கலாம்; நாகவல்லி மட்டும் கேட்க முடியாது. கண்ணை மூடினாலும் அவள் கட்டிய முடிச்சை அவள் விரல் கண்டுபிடித்துவிடும். மூன்று வாரம் தூங்காமல் கிடந்தாள். இந்த வயதில் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். இப்படியே இன்னும் முப்பது வருடம் உட்கார்ந்திருப்பதா என்பது இன்னொரு பக்கம். கடைசியில் குணசேகரனைக் கூப்பிட்டு, இலையையும் பூவையும் கொடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தொழிற்சாலையில் கம்பி முறுக்குவதுபோல் வாழைநாரை முறுக்கினான். நான்கு நார் அறுந்தது. கடைசியில் இரண்டு உருண்டைகள் கைக்கு வந்தன.

“பொட்டலமா இது? கொழுக்கட்டை மாதிரி கீது.”

“உள்ள பூ இருக்குல்ல, அது போதும்.”

“இன்னா விசயம்னு உனுக்குத் தெரியுமா?”

“வெள்ளிக்கிழமை ஒண்ணு நடக்குதுன்னு தெரியும்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “ரெண்டுலயும் ஒரே பூவ வச்சிட்டியா?”

“அம்மனுக்கு எவ்வளவு நிச்சயமோ, அவ்வளவு,” என்றான் குணசேகரன். மூன்று வருடம் காத்திருந்து சொன்ன பதில்.

நாகவல்லி கோயிலுக்குள் போகவில்லை. இரண்டு கொழுக்கட்டைகளையும் மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து போய், ஒன்றையும் பிரிக்காமல், இரண்டையும் ஏரியில் போட்டாள். உள்ளே என்ன வைத்தேன் என்று குணசேகரன் பலமுறை சொல்ல வந்தான். ஒவ்வொரு முறையும் அவனிடம் ஏதாவது வேலை ஏவி அனுப்பிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மனோகரன் வந்தான். வழக்கம்போல் இரண்டு முழம் அளந்தாள். அதை நடுவில் கத்தரித்தாள்.

“படத்துக்கு ஒரு முழம் போதும்,” என்று பாதியை அவன் கையில் கொடுத்தாள். மீதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்து நின்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.