கண்ணாத்தாளின் தம்பி முடித்த பேய்க் கதை

கண்ணாத்தாளின் தம்பி அடைக்கலம் ஐந்தாவது வரை படித்தவன். திருவரங்குளத்துக்குக் கிழக்கே அவர்கள் ஊருக்கு 1957-இல் பஞ்சாயத்து ரேடியோ வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஊரில் கரண்டு கிடையாது. பத்து நாளைக்கு ஒரு முறை கனத்த பேட்டரியைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவான். ஒரு சொட்டு ஆசிட் சிந்தியதில்லை. அக்காளுக்கு அதில் தனிப் பெருமை.

ஆனால் ரேடியோ ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் நின்றிருந்தது. "இன்னொரு தடவை நின்னுச்சு, சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார் பிரசிடெண்ட் உடையப்பன்.

அப்போது வெள்ளிக்கிழமைதோறும் சாயந்தரம் ஒரு தொடர் நாடகம் வந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவன், தானே செய்த வண்டியில் ஏறிப் பழைய காலத்துக்குப் போய்வருவான். ஆறாவது வாரம் பேய்க் கதை. அன்று மத்தியானம் ரேடியோவில் பாட்டுப் போட்டார்கள். கண்ணாத்தாள் ரேடியோ அறையின் ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எக்கா, பேட்டரி தாங்காதுக்கா."

"இன்னும் ஒரே ஒரு பாட்டுடா."

அந்த ஒன்று ஒன்பதாகிவிட்டது.

சாயந்தரம் பஞ்சாயத்துக் கட்டட வாசலில் கால் வைக்க இடமில்லை. நாடகத்தில் அந்தக் கடிகாரக்காரன் இடிந்த அரண்மனைக்குள் நுழைந்தான். இருட்டிலிருந்து ஒரு பேய் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. "உன்னை எனக்கு..." என்றது. அதோடு குரல் தேய்ந்து நின்றுவிட்டது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கண்ணாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டமோ, பேய்தான் பேச்சை நிறுத்தியிருக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் ஜன்னலுக்குள்ளிருந்து கிணற்றுக் குரல் ஒன்று கிளம்பியது: "உன்னை எனக்குத் தெரியும்!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ரேடியோ அறையில் இருந்த தண்ணீர்ப் பானைக்குள் தலையை விட்டுத் தம்பி பேசுகிறான்!

டீக்கடைப் பிச்சைமுத்து வழக்கம்போல ரேடியோவுக்கு யோசனை சொன்னார். "காலப் பாருய்யா! பேயின்னா கால் தரையில பாவாது!"

எந்த வாரமும் பதில் சொல்லாத ரேடியோ அன்று சொன்னது. "விளக்கைத் தாழ்த்திப் பார்க்கிறேன். ஐயோ, இரண்டு காலும் தரையில் இருக்கின்றனவே!"

"அப்ப அது பேயில்லடி!" என்றாள் ஒருத்தி.

"பின்ன யாரு?"

பானை கொஞ்ச நேரம் யோசித்தது. கண்ணாத்தாள் முந்தானையைக் கசக்கினாள்.

"நான்தான் நீ. வண்டி பழுதாகி, ஊர் திரும்ப வழியில்லாமல், முப்பது வருஷமாக இங்கே கிடக்கிற நீ. அச்சாணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பு, தம்பி!"

விசில் பறந்தது. பிச்சைமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து செய்தி. "சத்தமா வையி, அடைக்கலம்" என்றார் உடையப்பன். கதவு திறந்தது. தலையிலிருந்து கழுத்துவரை நனைந்து வந்து நின்றான் அடைக்கலம்.

"செய்தி வராதுங்க. பேய் வாயத் தொறந்ததுமே பேட்டரி செத்துப்போச்சு. மிச்சம் நான் பேசுனது."

"தப்பு என்னோடதுங்க! மத்தியானம் ஒம்பது பாட்டுக் கேட்டுட்டேன்" என்று எழுந்தாள் கண்ணாத்தாள்.

"அடப்பாவி, ஒனக்காடா நான் அழுதேன்?" என்றார் பிச்சைமுத்து. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

உடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"செய்தியையும் பானைக்குள்ளயே சொல்லியிருக்கலாம்ல? யாருக்குடா தெரியும்?"

"கதைய நாம முடிக்கலாங்க. செய்திய நாம எப்படிங்க சொல்றது?"

அவர் அவனையே பார்த்தார். பிறகு சாவியை அவன் கையில் திரும்ப வைத்தார். "வச்சுக்க. காலையில மொத பஸ்ஸுக்குப் பேட்டரியத் தூக்கிட்டுப் போ. பாட்டுக் கேட்ட மகராசியும் ஒரு பக்கம் புடிக்கட்டும்."

மறுநாள் பேட்டரிக்கு இந்தப் பக்கம் கண்ணாத்தாள், அந்தப் பக்கம் அடைக்கலம். விஷயம் அதற்குள் கண்டக்டர் காதுக்கும் எட்டியிருந்தது. டிக்கெட் கிழிக்கும் முன்பே கேட்டார்:

"அந்த ஆளு ஊரு வந்து சேந்தானா இல்லையாப்பா?"

"அத எந்தம்பிகிட்டக் கேளுங்க" என்றாள் கண்ணாத்தாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.