லூமுட் படத்தில் நான் இல்லை

அத்தை படம் பிடிக்கப் படித்த நாட்களில், அவளுக்குக் காவலாக அனுப்பப்பட்டவள் நான். எனக்கு ஒன்பது வயது. அத்தைக்கு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. "தனியா போவேணாம், பாப்பாவையும் கூட்டிட்டுப் போ" என்று அப்பா சொன்னதை, எனக்கு ஈப்போ நகரத்தைச் சுற்றிக் காட்டச் செய்த ஏற்பாடு என்று நினைத்து, முதல் நாளே காலில் போட்டுக்கொள்ளச் சப்பாத்தைத் துடைத்து வைத்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஈப்போவை ஒட்டிய லகாட்டில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு பல் கிளினிக்கில் வேலை. பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, பிறகு வேண்டாம் என்று சொல்லி, ஒரு கட்டத்தில் யாரும் வருவதே நின்றுபோயிருந்தது. அப்போதுதான் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்து, ஞாயிறுதோறும் வகுப்பு இருக்கிறது, முறையாகப் படிக்கப் போகிறேன் என்றாள்.

வகுப்பு ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு சீனப் பெண். முதல் நாள் யாரையும் கேமராவைத் தொட விடவில்லை. ஜன்னலோரம் ஒரு முட்டையை வைத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே முடிகிறது என்று காலை முழுக்கப் பார்க்கச் சொன்னார். அடுத்த பாடம் லென்ஸின் கண். அதை அகலத் திறந்தால் எதிரில் இருப்பவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். பின்னால் உள்ளது எல்லாம் கரைந்துவிடும். வீட்டுப்பாடத்தை அத்தை, பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டை ஓரத்தில் விடியற்காலையில் செய்வாள். தண்ணீரிலிருந்து பனி எழும்பும். சட்டையைத் தாண்டிக் குளிரும். அரைத் தூக்கத்தில் நான் நிற்பேன். பிறகு படத்தில் பார்த்தால் சுண்ணாம்பு மலைகள் என் காதுக்குப் பின்னால் நீலப் புகையாகக் கலைந்து கிடக்கும். அது நான் கண்டுகொண்டிருந்த கனவைப் படம் பிடித்ததுபோல் இருக்கும்.

வகுப்பு முடிந்து வந்ததும் அப்பா விசாரிப்பார்.

"இன்னிக்கு அத்தை பக்கத்துல யாரு பாப்பா உக்காந்தா?"

"வெளிச்சம் கம்மியா இருந்தா கண்ண அகலமாத் தொறக்கணும்பா."

அப்பா அம்மாவைப் பார்ப்பார். நானோ, வகுப்பில் நடந்ததை இதைவிட ஒழுங்காக யாரும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தவர் சித்தியவான் ஊரிலிருந்து வருபவர். நில அளவைத் துறையில் வேலை, நரை தொட்ட மீசை. என்னைக்கூட 'நீங்கள்' என்பார். 'ஆமாம்' என்பதற்கு அவர் சொல்லும் 'ஓம்' எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒருநாள் சாப்பிடும்போது அம்மா ரசம் வேண்டுமா என்று கேட்க, "ஓம்" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"இத யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"வகுப்பு அங்கிள்கிட்ட. அவங்க சிலோன்காரங்களாம்."

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அங்கே கூலிக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் ஒரு சிலோன்காரர். அவர் வீட்டு வாசலில் தாத்தா தொப்பியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நெடுநேரம் நின்றதை அப்பா பார்த்திருக்கிறார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. அந்த வாசல் வெயில் மட்டும் அப்பாவை விட்டுப் போகவில்லை.

அசைவைப் பற்றிய பாடத்துக்கு வகுப்பு முழுவதும் ஒரு வேன் பிடித்து லூமுட் துறைமுகத்துக்குப் போனது. ஒரே படத்தில் அசைவதும் இருக்க வேண்டும், அசையாததும் இருக்க வேண்டும் என்றார் ஆசிரியை. பொழுது சாயும் நேரம். அத்தை முக்காலியில் கேமராவைப் பொருத்திவிட்டு, "அசையாம நிக்க ஆள் வேணுமே" என்றாள்.

"நான் நிக்கிறன்" என்று சித்தியவான்காரர் படகுத்துறைக் கம்பி ஓரம் போய் நின்றார்.

கேமரா தானாகத் திறந்து வெகுநேரம் மூடாமல் இருக்கும்படி வைத்துவிட்டு அத்தையும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். "பாப்பா, நீயும் வா. அர நிமிஷம் ஆடவே கூடாது."

சரியென்றுதான் நின்றேன். ஆனால் அந்த நேரம் பார்த்து எதிரே பங்கோர் தீவிலிருந்து ஒரு ஃபெரி விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க ஓடினேன், திரும்பி ஓடி வந்தேன், மறுபடியும் ஓடினேன். அத்தை என்னைக் கூப்பிடவில்லை.

படத்தில் கடல் புகையாகிவிட்டிருந்தது. ஃபெரி ஒரு மஞ்சள் நூல். துறையில் நடமாடிய கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தப் புகைக்கு நடுவே கம்பியோரம் இரண்டு பேர் மட்டும், இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அத்தனை தெளிவாக நின்றிருந்தார்கள்.

"நான் எங்க?" என்று அழுதேன்.

"நீங்கள் ஓடிட்டீங்கள் பிள்ளை. ஓடுற ஆக்களைக் கேமராவுக்குத் தெரியாது" என்றார் அவர்.

கடைசி நாளில் எல்லார் படங்களையும் மாட்டி, குடும்பங்களை வரச் சொல்லியிருந்தார்கள். லூமுட் படம் வாசலுக்கு நேரெதிரே பெரிதாக இருந்தது. அப்பா அதன்முன் நின்றுவிட்டார். பின்னால் அத்தை கேமரா வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் போய் என் குறையைச் சொன்னேன்.

"நானும் அங்கதான்பா இருந்தேன். ஓடிட்டேன், அதான் விழல."

"இவங்க ரெண்டு பேரும்?"

"ஆடவே இல்லலா. அவ்ளோ பெரிய ஃபெரி வந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கல."

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு நேராகச் சித்தியவான்காரரிடம் போனார். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"வீட்ல யாரு இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லிப்போட்டன். முதல்ல கோவிச்சவ. இப்ப கதைக்கிறா."

அப்பா தலையாட்டினார். படத்தில் நான் விழாததற்கு அங்கிளின் அம்மா ஏன் கோபிக்க வேண்டும் என்று யோசித்தேன். அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கியது அடுத்த தைப்பூசத்துக்குப் பிறகு.

அன்று திரும்பும் வழியில், ஈயக்குட்டை பக்கம் அப்பா காரை நிறுத்தினார். "கொஞ்சம் எறங்கு" என்றார் அத்தையிடம். நானும் அம்மாவும் உள்ளேயே இருந்தோம். அப்பா தண்ணீரைப் பார்த்து என்னவோ சொன்னார். அத்தை என்னவோ சொன்னாள். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பா கையைத் தூக்கி அத்தையின் தலையில் வைத்தார். அத்தை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சண்டையாம்மா?"

"இல்லடி. பேசாம இரு."

சூரியன் மலை விளிம்பில் இருந்தது. குட்டை முழுக்கச் செம்பொன். அப்பாவின் ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல், மேகம்கூட நகரவில்லை. ஆசிரியை சொல்லித்தந்தது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தது. கேமரா என் பக்கத்து இருக்கையில் கிடந்தது. கண்ணாடியை இறக்கி, "அத்தே, கேமரா!" என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. அவ்வளவு நல்ல வெளிச்சத்தை வீணாக்கிவிட்டு, ஞாயிறு ஞாயிறாகப் போய் அத்தை என்னதான் படித்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.