மூக்கு வரை வந்த படம்

தேவாலா பக்கம் யார் இறந்தாலும் அவருடைய முகம் கடைசியாக ரஞ்சனியின் கைக்குத்தான் வரும். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ரெனிஷ் நடத்தும் பிளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர் செய்பவள் அவள். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து அம்மா ஆண்டாயியின் விரல் இடுக்கெல்லாம் புண்ணானதைப் பார்த்து வளர்ந்ததால், பள்ளிப் படிப்பு முடிந்ததும் தோட்டத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

துக்க வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படமாக இருக்கும். தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை உடம்பின் மேல் வைப்பாள். எந்த ஆண் இறந்தாலும் அதே சட்டைதான். படம் திறக்கும்போது திரையின் அடியில் ஒரு நீலக்கோடு ஓடும். அது முடியும்வரை திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். முகம் துண்டு துண்டாக வருவதை வீட்டார் பார்க்கக் கூடாது என்பது அவள் வழக்கம்.

அவளுடைய அப்பா செல்லையாவுக்கு வாயில் புற்றுநோய். நர்ஸ் என்பதால் வாரம் தவறாமல் நான்தான் போய்க் கட்டு மாற்றினேன். கீழ்த்தாடை முழுக்கப் போய்விட்டது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு நடுவே, வெளியே வந்தால் துண்டால் மூடிக்கொள்வார். அப்படி ஒரு நாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது ரஞ்சனி என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“நர்ஸம்மா, அப்பா பேனர இப்பவே செஞ்சு வச்சிட்டேன். அன்னைக்கு எனக்குக் கை ஓடாது.”

நல்ல காரியம் என்றேன். அவர் நன்றாக இருந்த காலத்தில், மாரியம்மன் திருவிழாவில் அவளே எடுத்த படம் அது. எடுத்த போன் எப்போதோ போய்விட்டது. அதற்கு முந்தையது என்றால், இலங்கையிலிருந்து கப்பலேறியபோது எடுத்த குடும்பப் படம்தான். அதில் அவர் கைக்குழந்தை.

ஆனால் ஒரு தவறு செய்திருந்தாள். கடைக் கம்ப்யூட்டர் பழசு, பெரிய படங்களை உள்ளே வைத்தால் திணறும். அதனால் படத்தைப் பேனர் ஃபைலுக்கு வெளியே விட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் பேனருக்குக் காட்டிவிடுவாள். கண்ணுக்குத் தெரிவது தபால்தலை அளவு மாதிரிப் படம். அச்சுக்குப் போகும்போதுதான் அசல் படம் வந்து இறங்கும். அசல்கள் எல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில், மழைக்காலம் முழுக்க ஈரம் கசியும் சுவரோரம் கிடந்தன. அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆடி மழையில் ஒரு காலையில் செல்லையா இறந்தார். இருந்த நிலையில் உடம்பு தாங்காது, சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ரஞ்சனி கடைக்கு ஓடினாள். செல்லையாவின் தம்பி பாண்டியனும் கூடப் போனார். ஆறடி பேனர், நாலு ரோடு சேரும் இடத்தில் கட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அன்று திரையைத் திருப்பி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. நீலக்கோடு நகர்ந்தது. நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. கோடு நின்றுவிட்டது. டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மறுபடி மறுபடி திறந்தாள். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்தில்தான் நின்றது. கடைசியில் டிஸ்க்கே திறக்கவில்லை. திறந்தவரை எடுத்து வைத்த பாதி முகம் மட்டும் மிஞ்சியது.

மாதிரிப் படத்தை ஆறடிக்கு இழுத்துப் பார்த்தாள். வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

“என் தாடைய எடுத்து வச்சிக்க புள்ள. நானும் அண்ணனும் ஒரே அச்சு,” என்றார் பாண்டியன்.

மலையாளியான ரெனிஷும் தலையாட்டினான். “ஆருக்கும் தெரியாது மோளே. எத்தன பேருக்கு உடம்பே மாத்தியிருக்க.”

செய்து பார்த்தாள். கை தேர்ந்தவள், ஒட்டே தெரியவில்லை. திரையில் செல்லையா நன்றாகச் சிரித்தார். பாண்டியன் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். ரஞ்சனி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை அழித்தாள்.

“வாய் போனவருன்னு லயமே பாத்திச்சு சித்தப்பா. ஒங்களோடத ஒட்டுனா, அவரு எரவல் வாயோட போவாரு.”

பாண்டியன் கத்தினார், முகம் இல்லாமல் அடக்கம் செய்ய இவர் என்ன அனாதையா என்று. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். மாதிரிப் படம் எந்த அளவுவரை கட்டம் தெரியாமல் வருமோ அந்த அளவில் நிறுத்தினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஆறடி வெள்ளையின் நடுவே அதை வைத்து, கீழே பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தாள்.

“இது பேனரா, ரேஷன் கார்டா?” என்றார் பாண்டியன். நாலு ரோட்டில் கட்டவும் மறுத்துவிட்டார். அதனால் அது லயத்து வாசலிலேயே கட்டப்பட்டது. நான் உள்ளே கடைசிக் கட்டைப் போட்டு, கைகழுவிவிட்டு வெளியே வந்தேன். வந்தவர்கள் பாதையிலேயே குடை பிடித்து நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் வெள்ளைத் துணிதான் தெரியும். படம் போடவில்லையா என்று ரெண்டு மூன்று பேர் பாண்டியனிடம் கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார். ஒருவரும் கிட்டே வரவில்லை. வீட்டிலிருந்து வந்த வாடையும் ஒரு காரணம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பாடையைத் தூக்கும் நேரத்தில் ஆண்டாயி எழுந்து பேனரிடம் போனாள். மேலே வழிந்த மழைத் தண்ணீரை முந்தானையால் துடைத்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“வாய் இருக்கு,” என்றாள் ஆண்டாயி. “அவரு வாய்தான். தூக்கச் சொல்லு.”