மடக்கக் கூடாத மடக்கு லென்ஸ்

மில்லுக்கார அண்ணாச்சி அந்த லென்ஸை வாங்கியதற்கு முதலில் சொன்ன காரணம், அது மடங்கும் என்பது. முன்பக்கத்தை லேசாகத் திருகி அழுத்தினால் குழல் முழுவதும் கேமராவின் வயிற்றுக்குள் போய்விடும். கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்னால் ஜெர்மனியில் செய்த சாமான்.

அடுத்து அவர் சொன்னது, அதை மடக்கவே கூடாது என்பது. ஃபிலிம் கேமராவுக்கென்று செய்த குழல் அது. அவர் வைத்திருப்பதோ ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற வகையில் புது டிஜிட்டல் கேமரா. அதன் வயிற்றில் அவ்வளவு இடம் கிடையாது. முழுசாக உள்ளே போனால் எதையாவது இடித்து வைக்கும். அதனால் குழலைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, பாதிக்கு மேல் இறங்காதபடி செய்திருந்தார். யாராவது ஆசையாக முன்பக்கத்தில் கை வைத்தால், பதற்றத்தில் அவருக்கு வீட்டுப் பேச்சான தெலுங்கு வந்துவிடும். "வத்து, வத்து!" (வேண்டாம், வேண்டாம்) என்று கேமராவைப் பச்சைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

"மடக்கக் கூடாதுன்னா மடங்குற லென்ஸு எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சார், மடங்கும்ங்கிறது வேற. மடக்குறதுங்கிறது வேற."

நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். லென்ஸ் சூத்திரத்தை வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறவன். அப்படிப்பட்ட நானும் அன்றைக்குத் தலையாட்டினேன். அவருடைய காபி நன்றாக இருக்கும்.

கேமராவின் பின்னால் இருக்கும் திரையையும் அவர் தோல் துண்டு ஒட்டி மறைத்திருந்தார். எடுத்த படத்தை உடனே பார்ப்பது அவசரக்காரர்கள் செய்கிற காரியமாம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்க்கிற வழக்கமும் இல்லை. மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆக, லென்ஸ் என்ன பார்க்கிறது என்பது லென்ஸுக்கு மட்டுமே தெரியும். இந்த ஏற்பாட்டை அண்ணாச்சி தவம் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தங்கையைக் கொடுத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் கான்சாபுரத்துப் பக்கம். தாய்மாமன்கள் நாங்கள் இரண்டு பேர் என்றாலும், மடி என் தம்பியுடையது என்று முன்பே முடிவாகியிருந்தது. பட்டாளத்தில் இருக்கிறவன், இதற்கென்றே லீவு வாங்கி வந்திருந்தான். போட்டோவுக்கு ஆள் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது, "எங்க அண்ணாச்சி இருக்காரு, காசு பணம் எதுவும் வாங்க மாட்டாரு, ஜெர்மன் லென்ஸு" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

கோயிலில் அண்ணாச்சி படம் எடுத்ததைவிட அங்குமிங்கும் நடந்ததுதான் அதிகம். இங்கிருந்து பார்ப்பார், அங்கே போவார், வேப்பமரத்து நிழலை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். தம்பி வெள்ளைச் சட்டையில், குழந்தையை மடியில் வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். அண்ணாச்சி ஜன்னலில் கண்ணை வைத்து இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவை சேர்வதற்குள் ஆசாரி வலது காதைக் குத்தி, இடது காதையும் குத்தி, கையைத் துடைத்துவிட்டார். குழந்தை வீறிட்டது.

"செத்த நேரம் பொறுங்க. ஊசிய மறுபடி காதுகிட்ட கொண்டுபோங்க," என்றார் அண்ணாச்சி.

குழந்தை அந்த ஊசியைப் பார்த்ததும் தம்பியின் சட்டையைக் கிழிக்கிற மாதிரி பற்றிக்கொண்டது. தம்பி நிமிர்ந்தான்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்காவ மூணாவது காதுக்கு எங்க போவ?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. அழுகிற குழந்தை, அதட்டுகிற தங்கை, பந்தியில் இலைபோடுகிறவர்கள் என்று கிடாக்கறி வெந்து முடிகிற வரைக்கும் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் அவருடைய மில் ஆபீசில் கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தோம். முதல் படத்தில் பனிமூட்டம். அடுத்ததிலும் அதே. வெள்ளையாக ஒன்று, கறுப்பாக ஒன்று, நடுவில் மஞ்சளாக ஒன்று. மஞ்சள், தங்கையின் சேலையாக இருக்க வேண்டும். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. லென்ஸை வெளியே இழுத்தவர் திருகிப் பூட்ட மறந்துவிட்டார். நடக்க நடக்க அது டேப் ஒட்டிய இடம் வரைக்கும் உள்ளே சரிந்திருக்கிறது. ஜன்னலில் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் உள்ள திரையில் தெரிந்திருக்கும், அதற்குத்தான் தோல் ஒட்டியாயிற்று.

சொன்னேன். அண்ணாச்சி தாடையைத் தடவினார்.

"சார், இதத்தான் அந்தக் காலத்து ஒளிங்கிறாங்க. புது லென்ஸு எம்புட்டு வெல குடுத்தாலும் இது வராது."

"அண்ணாச்சி, ஆளே வரலையே."

"ஆளு எல்லா லென்ஸுலயும் வரும்."

தங்கைக்கு போனில் அனுப்பினேன். "ஏண்ணே, அன்னைக்கு மழை பெஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதில் இருந்த கோபம் எனக்குத் தெரியும். அவளுடைய ஒரே பெண்ணின் காதுகுத்துக்கு, விருந்தாளிகள் போனில் எடுத்த படங்களைத்தான் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியோ ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தன்னுடைய லென்ஸ் கூட்டாளிகள் குழுவில் போட்டார். லென்ஸ் கொஞ்சமாகச் சரிந்திருந்த சமயத்தில் எடுத்தது. தம்பியின் மீசையும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழலும் தெரிந்தன. மடியில் குழந்தை பஞ்சுப்பொதி மாதிரி கரைந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "நினைவே உருவானது போல" என்று எழுதினார். இன்னொருவர் கண்ணீர்த் துளி பொம்மை போட்டார். உற்சாகம் தாங்காமல் அண்ணாச்சி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கறுப்புச் சட்டம் அடித்து, காரில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கூட ஒரு கிலோ பால்கோவா. பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று மாப்பிள்ளை அவர் கண் முன்னாலேயே கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லோருக்கும் சாப்பாடு. அம்மா, தம்பி, நான். எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்குச் சட்டைத்துணி கொண்டுவந்தவள், சுவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாரு இது? பட்டாளத்துல இருந்தாவளே, உங்க சின்னண்ணனா? எப்ப தவறுனாவ?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி எச்சில் கையோடு எழுந்து வந்தான்.

"நாந்தான் மதினி. இன்னும் தவறல. லீவே முடியல."

அந்தப் பெண் துணியைக் கீழே வைத்துவிட்டு ஓடியே போய்விட்டாள். தம்பி சிரித்தான், மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரிக்கப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. மகன் ஒவ்வொரு தடவை ரயில் ஏறும்போதும் அவள் மனதில் என்ன ஓடும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

"அத எறக்குலே," என்றாள் என்னைப் பார்த்து. "இப்பவே எறக்கு. ஏலே, உனக்குப் படிப்பு எதுக்கு? அந்த ஆளு இனிமே இந்தப் பக்கம் வரட்டும், சொல்றேன்."

சட்டத்தை வேட்டியில் சுற்றி, பைக்கில் முன்னால் குறுக்கே வைத்து ராஜபாளையத்துக்கு எடுத்துப்போனேன். வழியெல்லாம் தம்பியின் மீசை என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அண்ணாச்சியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வருத்தப்படுவார், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? வழியில போற ஒரு பொம்பளைய நிறுத்திக் கலங்க வச்சிருக்கு. அதான் லென்ஸு!"

அன்று அவர் காபி சொன்னார். நான் குடிக்கவில்லை. படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டி, மேலே தனியாக ஒரு விளக்கும் போட்டிருக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

தம்பி கிளம்பிய அன்று ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போயிருந்தோம். ரயில் வரக் கொஞ்சம் இருந்தது. அம்மா என்னிடம், "இவன ஒண்ணு எடு. போன்லயே எடு," என்றாள். எடுத்தேன். வாங்கி, விரலால் பெரிதாக்கி, நெற்றி, கண், மோவாயில் பழைய தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் பின்னால் பிளாட்பாரத்தில் கிடந்த வாழைப்பழத் தோல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

"நல்லாருக்கு," என்றாள்.